கசப்பில் தொடங்கிய இனிப்பு: சீனியில்லாச் சாக்லெட் பூச்சின் வரலாறு



பள்ளியில் பிறந்தநாள் என்றால் சாக்லெட் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. என்னுடைய நான்காம் ஆண்டு வகுப்பிலும் அப்படித்தான். பிறந்தநாள் காணும் மாணவர் ஒரு பொட்டலத்துடன் எழுந்து நிற்பார். வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு சாக்லெட் வழங்குவார். அடுத்த நிமிடம் வகுப்பு முழுவதும் காகிதம் பிரிக்கும் ஓசை கேட்கும்.

ஒரு மாணவன் மட்டும் பிரிக்க மாட்டான். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். "வீட்டில் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுவேன், டீச்சர்" என்பான். அவனுக்கு ஏழு வயதிலேயே முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறான். அவன் முகத்தில் ஏக்கம் ஏதுமில்லை, பழகிப் போயிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒதுங்கி நிற்பது பழகிப் போனதே என்றுதான் என் மனம் வருந்தியது.

ஆண்டிறுதி வகுப்பு விருந்தில் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து உண்ணும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணினேன். சீனியில்லாச் சாக்லெட்டில் தோய்த்த நிலக்கடலை எளிதாகத் தோன்றியது. முதலில் கடையில் 'சீனி இல்லாதது' என்று அச்சிடப்பட்ட சாக்லெட் கட்டி ஒன்றை வாங்கி வீட்டில் உருக்கிப் பார்த்தேன். பூச்சு நன்றாகவே அமைந்தது. என் பிள்ளைகளும் கணவரும் அன்றிரவே அதைத் தீர்த்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை மூவரும் கழிவறை வாசலில் வரிசை பிடித்து நின்றார்கள்! உறையை எடுத்துப் படித்த பின்னர்தான், சீனிக்குப் பதிலாக மால்டிட்டோல் என்னும் இனிப்பூட்டி அதில் பெருமளவு சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. அது குடலில் முழுமையாகச் செரிப்பதில்லை. அளவு கூடினால் வயிற்றைக் கலக்கும்.

வகுப்பில் இது நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்? அந்த அச்சத்தில்தான் படிக்கத் தொடங்கினேன். செய்முறை தேடிப் போனவளை அது வரலாற்றில் கொண்டு சேர்த்தது. அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சீனி இல்லாமல் வாழ்ந்த சாக்லெட்

'சீனியில்லாச் சாக்லெட்' என்பதை நாம் ஏதோ புதுமை என்று எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. சாக்லெட்டின் வயதில் பெரும்பகுதி சீனியில்லாமலேயே கழிந்தது.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் பகுதி. இன்றைய எக்குவடோர் நாட்டில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தியதற்கான தடயங்களை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். பின்னர் மாயா மக்கள் கொக்கோக் கொட்டையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்துப் பானமாக அருந்தினர். அதில் மிளகாய் சேர்த்தனர். சோள மாவு கலந்தனர். ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்திற்கு உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பினர். நம் ஊர்த் தேத்தண்ணீர்க் கடையில் தே தாரேக் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைத் தனியே விளக்க வேண்டியதில்லை. சில வேளைகளில் தேன் சேர்த்ததுண்டு. ஆனால், கரும்புச் சீனியை அவர்கள் அறிந்ததே இல்லை.

ஆசுடெக் மக்களிடையே கொக்கோக் கொட்டை நாணயமாகவும் வழங்கியது. சந்தையில் கொட்டைகளை எண்ணிக் கொடுத்துப் பொருள் வாங்கினர். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் இம்மரத்திற்குத் 'தியோபுரோமா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'தேவர்களின் உணவு' என்பது அதன் பொருள். அந்தத் தேவர் உணவு கசப்பானதாகவே இருந்தது.

கொக்கோவின் கசப்பு எனக்கும் அந்நியமன்று. 1980களில் கீழ்ப் பேராவில் தென்னைகளுக்கு இடையே கொக்கோ பயிரிடப்பட்ட தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பழுத்த காயைக் கல்லில் தட்டி உடைத்து, கொட்டையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடுவோம். சதை புளிப்பும் இனிப்பும் கலந்தது. தவறிக் கொட்டையைக் கடித்துவிட்டால் நாக்கு சுருங்கிப் போகும். அந்தக் கசப்புக் கொட்டையிலிருந்துதான் கடையில் விற்கும் சாக்லெட் வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அக்காலத்தில் மலேசியா உலகின் முன்னணிக் கொக்கோ உற்பத்தி நாடுகளில் ஒன்று. 1990இல் ஏறத்தாழ 2 லட்சத்து 47 ஆயிரம் டன் விளைந்தது. பின்னர் விலை வீழ்ச்சியும், காயைத் துளைக்கும் புழுவும், செம்பனையின் வருகையும் சேர்ந்து கொக்கோவை விரட்டின. இன்று நம் நாட்டு விளைச்சல் ஆண்டுக்கு ஆயிரம் டன்னைக்கூட எட்டுவதில்லை. ஆலைகளில் அரைபடும் கொட்டைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை.

சீனி வந்த வழி

கரும்பு ஆசியாவின் பயிர். அதன் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. 'சர்க்கரா' என்னும் வடசொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. கட்டிச் சர்க்கரையைக் குறிக்கும் 'கண்ட' என்னும் சொல் அதே வழியில் போய்க் 'கேண்டி' ஆயிற்று. நம் கற்கண்டிலும் அச்சொல்லே ஒலிக்கிறது. மாணவர்களுக்குச் சொன்னால் வியந்து கேட்பார்கள்.

1493இல் கொலம்பசு தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். அடுத்த நூற்றாண்டில் இசுபானியர்கள் கொக்கோப் பானத்தில் சீனியைக் கலக்கத் தொடங்கினர். கசப்புப் பானம் அரண்மனைகளின் இனிப்புப் பானமாக மாறியது. ஐரோப்பா முழுவதும் அந்தச் சுவைக்கு மயங்கியது.

அந்த இனிப்புக்கு விலை கொடுத்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கொண்டு செல்லப்பட்டது கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பிரேசிலுக்கும் கரிபியன் தீவுகளுக்குமே.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834இல் முடிவுக்கு வந்தது. ஆனால், கரும்பு வெட்டும் கைகள் தொடர்ந்து தேவைப்பட்டன. ஒப்பந்தக் கூலி முறை அந்த இடத்தை நிரப்பியது. மொரீசியசு, நாட்டால், பிஜி என்று தமிழர்களும் பிற இந்தியர்களும் கப்பலேற்றப்பட்டனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடியதை நாம் அறிவோம். அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டியதில்லை. நம் பினாங்கின் எதிர்க்கரையில், அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி என வழங்கப்பட்ட இன்றைய செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் பெரும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராக முதலில் வந்த தமிழர்கள் ரப்பர் மரம் சீவ வரவில்லை. கரும்பு வெட்டவே வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ரப்பர் வந்து கரும்பின் இடத்தைப் பிடித்தது.

சீனிக்காக உழைத்த மக்களின் வழிவந்தவர்களே இன்று சீனியால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறோம் என்பது மனத்தை உறுத்தும் செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. இது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு. உணவுப் பழக்கம், உடலுழைப்பின்மை, உடற்பருமன், மரபு ஆகிய பலவும் அதற்குக் காரணம். என் மாணவனுக்கு வந்திருப்பதோ முதல் வகை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது. 'இனிப்பை அதிகம் தின்றதால் வந்தது' என்று அப்பிள்ளையிடமோ அவன் தாயிடமோ யாரும் சொல்லிவிடக் கூடாது. அது உண்மையன்று, அவர்கள் சுமப்பது போதாதென்று பழியையும் ஏற்றுவதாகும்.

தூளும் வெண்ணெயும் பிரிந்த கதை

வீட்டில் சாக்லெட் பூச்சு செய்ய விரும்புவோர் 1828ஆம் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். அதுவரை சாக்லெட் என்பது கொழுப்பு மிதக்கும் பானம். கொக்கோக் கொட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹவுட்டன் குடும்பத்தார் 1828இல், அரைத்த கொக்கோவை அழுத்திப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்து எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கொக்கோத் தூள். வடிந்து உறைந்த கொழுப்பே கொக்கோ வெண்ணெய்.

1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த பிரை நிறுவனம், கொக்கோத் தூளையும் சீனியையும் உருக்கிய கொக்கோ வெண்ணெயுடன் சேர்த்துப் பிசைந்து அச்சில் வார்த்தது. கடித்துத் தின்னும் சாக்லெட் கட்டி அவ்வாறு பிறந்தது. 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சாக்லெட்டை உருவாக்கினார். 1879இல் அதே நாட்டின் ரொடொல்ப் லிண்ட், சாக்லெட்டை நெடுநேரம் உருட்டிப் பிசைந்து வழவழப்பாக்கும் முறையைக் கண்டார். 1912இல் பிரசல்ஸ் நகரின் சான் நோய்ஹவுஸ், உள்ளே பூரணம் வைத்து மேலே சாக்லெட் ஓடு மூடிய மிட்டாயை அறிமுகப்படுத்தினார்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். வான் ஹவுட்டன் பிரித்ததைப் பிரை நிறுவனம் மீண்டும் சேர்த்தது. சேர்க்கும்போது சீனியையும் உடன் சேர்த்தது. நாம் சமையலறையில் செய்யப்போவதும் அந்த 1847ஆம் ஆண்டு வேலையைத்தான். சீனியை மட்டும் விட்டுவிடுகிறோம்.

ஓர் ஆசிரியரும் ஒரு சிறுவனும்

பூச்சின் வரலாற்றில் நம் இனத்தவர் ஒருவர் உண்டு. ஆசிரியர் இனத்தைச் சொல்கிறேன்! அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒனாவா என்னும் சிற்றூர். அங்கே கிறிஸ்டியன் கென்ட் நெல்சன் என்னும் டென்மார்க்கில் பிறந்த பள்ளி ஆசிரியர், பக்க வருமானத்திற்காக ஒரு மிட்டாய்க் கடையும் நடத்திவந்தார். 1920இல் ஒரு சிறுவன் கடைக்கு வந்து, முதலில் ஐஸ்கிரீம் கேட்டான்; பின்னர் மனம் மாறிச் சாக்லெட் கேட்டான். இரண்டும் வேண்டும், ஆனால் கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றான்.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நெல்சன் ஆசிரியர் அல்லவா? சிறுவனின் சிக்கலைக் கணக்காக எடுத்துக்கொண்டார். உருக்கிய சாக்லெட் குளிர்ந்த ஐஸ்கிரீமில் ஒட்டாமல் வழுக்கியது. பலமுறை முயன்று, கொக்கோ வெண்ணெயின் அளவைச் சரியாக அமைத்தால் பூச்சு ஒட்டி உறையும் என்று கண்டார். 'எஸ்கிமோ பை' என்ற பெயரில் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. வடதுருவப் பழங்குடி மக்களை அப்பெயர் இழிவுபடுத்துகிறது என்பதால் அதைக் கைவிடுவதாக உற்பத்தியாளர் 2020இல் அறிவித்தனர். நெல்சனுக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள் 1922 சனவரி 24.

அதே வாரத்தில் இன்னொரு சிறுவன்

அந்த நாளைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய நாள், 1922 சனவரி 23. கனடாவின் டொரொண்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் படுத்திருந்தான். அவனுக்கு நீரிழிவு. எடை 30 கிலோவைக்கூட எட்டவில்லை. அக்காலத்தில் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மருந்தே இல்லை. உணவை மிகமிகக் குறைத்து உயிரைச் சில காலம் நீட்டிப்பதே மருத்துவமாக இருந்தது. பட்டினியே மருந்து. சனவரி 11ஆம் நாள் அவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. தூய்மை போதாமல் அது பயன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்து சனவரி 23ஆம் நாள் செலுத்தப்பட்டது. இரத்தச் சீனி இறங்கியது. சிறுவன் தேறினான். இன்சுலின் துணையுடன் அவன் 1935 வரை வாழ்ந்தான்.

சாக்லெட்டா, ஐஸ்கிரீமா என்று தெரிவு செய்ய முடியாமல் நின்ற சிறுவனுக்காக உருவான பூச்சு சனவரி 24ஆம் நாள் பதிவு பெற்றது. உணவையே தெரிவு செய்ய முடியாதிருந்த ஒரு சிறுவனுக்கு முந்தைய நாள்தான் வாழ்வு திரும்பியது. இந்த இரண்டு செய்திகளையும் என் வகுப்பில் ஒன்றாகச் சொன்னேன். என் மாணவன் கை உயர்த்திக் கேட்டான்: "அந்த அண்ணன் அதுக்கப்புறம் சாக்லெட் சாப்பிட்டாரா, டீச்சர்?" எனக்கு விடை தெரியவில்லை. "அளவு பார்த்துச் சாப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

மாற்று இனிப்பு தேடிய நூற்றாண்டு

சீனி இல்லாத இனிப்புக்கான தேடல் நெல்சனுக்கும் முந்தியது. 1879இல் அமெரிக்காவில் கான்ஸ்டன்டின் பால்பெர்க், ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பி உணவருந்தும்போது கைவிரல் இனிப்பதை உணர்ந்தார் என்பர். அதுவே சாக்கரின். 1937இல் சைக்ளமேட் கண்டறியப்பட்டது. 1969இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. வேறு பல நாடுகள் இன்றும் அனுமதிக்கின்றன. எலிகளில் நடந்த ஆய்வினால் அமெரிக்காவில் சாக்கரின் பொட்டலங்களில் 1970களின் இறுதியிலிருந்து எச்சரிக்கை வாசகம் இடம்பெற்றது. அந்த விளைவு மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிந்த பின்னர் 2000இல் அது நீக்கப்பட்டது. தென்னமெரிக்காவின் குவாரானி மக்கள் நெடுங்காலம் பயன்படுத்திய சீனித்துளசியை 1899இல் மொய்செஸ் பெர்தோனி அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1970களில் சப்பானியர் அதை வணிகப் பொருளாக்கினர்.

செருமனியில் 'நீரிழிவாளர்க்கான சாக்லெட்' என்றே பல்லாண்டுகள் தனியாக விற்கப்பட்டது. பெரும்பாலும் சீனிக்குப் பதிலாகப் பழச்சர்க்கரை இருந்தது, கொழுப்பு குறையவில்லை, விலை மட்டும் கூடுதல். நீரிழிவாளர்க்கென்று தனியுணவு தேவையில்லை என்று அறிஞர்கள் கூறியதையடுத்து, 2010இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2012க்குப் பின் அத்தகைய முத்திரையோடு விற்பது நின்றது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சாக்கரின், சீனித்துளசிச் சத்து போன்ற இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்பதையும் அது தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு, எரித்ரிட்டோல் என்னும் இனிப்பூட்டிக்கும் இதய நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று ஓர் ஆய்வு ஐயம் எழுப்பியது. அதுவே காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஒவ்வொரு தலைமுறையும் தீங்கற்ற இனிப்பு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தது. அடுத்த தலைமுறை அதைத் திருத்தியது. ஆகவே, சீனியை எடுத்துவிட்டு அதே அளவு இனிப்பை வேறொன்றால் நிரப்புவது பாதித் தீர்வுதான். நாக்கு எதிர்பார்க்கும் இனிப்பையே சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் மீதிப் பாதி.

சமையலறையில்

வீட்டில் நான் செய்யும் முறை இது. கொக்கோ வெண்ணெய் 100 கிராம், சீனி சேர்க்காத கொக்கோத் தூள் 60 கிராம், பொடித்த எரித்ரிட்டோல் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வெனிலா. ஏறத்தாழ 250 கிராம் வறுத்த நிலக்கடலைக்கோ பாதாமுக்கோ இது போதும்.

இனிப்பூட்டி கொழுப்பில் கரையாது. எனவே, முதலில் அதை உலர்ந்த அரைவைக் கலத்தில் மாவாகப் பொடிக்க வேண்டும். லிண்ட் இயந்திரத்தில் நெடுநேரம் செய்த வேலையை நாம் வீட்டில் செய்ய இயலாது. நன்றாகப் பொடித்தால் நறநறப்பு குறையும். கொக்கோ வெண்ணெயைக் கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். தூளையும் பொடியையும் சலித்துச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கிண்ணத்தில் ஒரு சொட்டு நீரும் விழக் கூடாது. விழுந்தால் கலவை திரண்டு களிபோல் இறுகிவிடும். வெனிலாவும் நீர் கலந்த சாறாக இல்லாமல் தூளாக இருப்பது நல்லது.

கொக்கோ வெண்ணெய் உறையும்போது ஆறு வகைப் படிகங்களாக அமையக்கூடும். அவற்றுள் ஐந்தாம் வகையே பளபளப்பும் 'படக்' என்று ஒடியும் தன்மையும் தரும். அது ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். அதனால்தான் கையில் ஓரளவு நிற்கும் சாக்லெட் வாயில் கரைகிறது. அந்த வகையைப் பெறுவதற்குக் கலவையை 45 பாகைக்கு மேல் உருக்கி, கிளறிக்கொண்டே 27, 28 பாகைக்கு ஆறவிட்டு, மீண்டும் 31, 32 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். நம் நாட்டுச் சமையலறை பகலில் 30 பாகையைத் தாண்டுவதால் குளிரூட்டிய அறையிலோ விடியற்காலையிலோ செய்வது எளிது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால், கடலையைத் தோய்த்துக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து, பரிமாறும் வரை அங்கேயே வைத்திருங்கள். மேலே வெண்படலம் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது பூஞ்சையன்று, கொழுப்புப் படிகமே.

முதன்முறை 30 கிராம் இனிப்பூட்டி சேர்த்தேன். அடுத்த முறை 20. இப்போது என் வீட்டில் 10 கிராமே போதுமானதாக இருக்கிறது. பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

பெற்றோர் பலரும் கேட்கும் ஐயம் ஒன்று: சீனிக்குப் பதிலாகத் தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழப் பாகு சேர்க்கலாமா? இவை யாவும் இரத்தச் சீனியை உயர்த்துபவையே. பெயர் மாறினாலும் உடலுக்கு அது சர்க்கரைதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 100 கிராம் கொக்கோ வெண்ணெயில் ஏறத்தாழ 900 கலோரி உண்டு. சீனி இல்லை என்பதால் அளவில்லாமல் தின்னலாம் என்று பொருளாகாது. கொக்கோத் தூளிலும் கடலையிலும் சிறிது மாவுச்சத்து இருக்கிறது. இன்சுலின் போடும் பிள்ளைக்கு அதையும் கணக்கிட வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்போர் கவனிக்க: சாக்லெட் நாய்க்கு நஞ்சு, சைலிட்டோல் என்னும் இனிப்பூட்டி அதனினும் கொடியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் எடுக்கும் மாணவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசினால் அது இரத்தச் சீனி தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அவ்வேளையில் சீனியில்லாச் சாக்லெட் சிறிதும் உதவாது. சாதாரணச் சாக்லெட்டும் கொழுப்பு மிகுந்ததால் மெல்லவே வேலை செய்யும். விழுங்கும் நிலையில் இருந்தால் சீனி கரைத்த நீரோ குளுக்கோசோ உடனே கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். என் மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும். அந்த ஒரு நேரத்தில் சீனியே மருந்து.

வகுப்பு விருந்து

தலைமையாசிரியரிடம் இசைவு பெற்றேன். வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்கேனும் உண்டா என்று எல்லாப் பெற்றோரிடமும் எழுதிக் கேட்டேன். என் மாணவனின் தாயாரிடம் பொருள்களின் அளவை முழுமையாக எழுதிக் கொடுத்தேன். அவர் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் காட்டிவிட்டு, "எட்டுக் கடலை சாப்பிடலாமாம், டீச்சர். கணக்கு அவனுக்கே தெரியும்" என்றார்.

விருந்தன்று எல்லாருக்கும் ஒரே தட்டிலிருந்துதான் வழங்கினேன். 'இது அவனுக்கு மட்டும்' என்று தனியாக எதையும் வைக்கவில்லை. வகுப்பு முழுவதும் ஆளுக்கு எட்டு. சிலர் கசக்கிறது என்றனர்; சிலர் இன்னும் கேட்டனர். அவன் காகிதத்தில் எட்டுக் கடலைகளையும் வரிசையாக அடுக்கி, எண்ணி, ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றான். ஏழாவது வரை வந்தவன் எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தான். "இது தங்கச்சிக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

உருகிவிடும் என்று நான் சொல்வதற்குள் மணியடித்துவிட்டது.

உங்கள் வகுப்பிலும் சாக்லெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பிள்ளை இருக்கக்கூடும். அடுத்த பிறந்தநாள் கொண்டாட்டத்திற்கு முன்னர் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.